பெண்டாட்டி விசாவில் ஒரு கங்காணி

பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறுவதில்லை என்று பிரதாப் கங்காணி முடிவெடுத்தான். முடிவெடுத்த இடம் ஹட்டன் பஸ் நிலையம். முடிவெடுத்த வேகத்தில் கையிலிருந்த உளுந்து வடை பொடியாகி, பக்கத்தில் நின்ற நாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் கோபத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே குயில்மலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்வை செய்வது அவன் வேலை. மேற்பார்வை என்றால் கத்துவது. "யாரது, கொழுந்தை விட்டுட்டு நிரை ஏறிப் போறது?" என்று அவன் இந்த மலையில் நின்று கத்தினால், எதிர்மலையில் அடுத்த தோட்டத்துப் பெண்கள் திரும்பி வந்து பறித்துவிட்டுப் போவார்கள். தோட்டத்துத் துரையே அவனோடு பேசும்போது ஓரடி தள்ளித்தான் நிற்பார். கல்யாணத்தன்று மேளக்காரர் கோபித்துக்கொண்டதுகூட, மாப்பிள்ளை தண்ணீர் கேட்ட சத்தத்தில் தவில் கேட்காமல் போனதால்தான்.

அப்படிப்பட்ட மனுஷனை அன்று காலையில் ஒருவர் நாற்காலியில் உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, "தங்கச்சிய நம்பி வாழ்றவர்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னவர் இல்ஹாம் நானா. ஹட்டன் கடைத்தெருவில், மாடியில் உட்கார்ந்து விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர். தங்கச்சி என்று அவர் சொன்னது பிரதாப்பின் மனைவி கிருஷாந்தியை. அவளுக்கு ஹட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைப் பராமரிக்கும் வேலை. தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். போகிற வழியில் படித்து, வருகிற வழியில் படித்து, இங்கிலீஷ் பரீட்சையும் எழுதி, நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துவிட்டாள். வீட்டில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க வந்தா போறேன். நீங்க வரலைன்னா நானும் போகல."

அதனால்தான் இருவரும் இல்ஹாம் நானாவின் மாடியேறினார்கள்.

"தங்கச்சிக்கு வேலை விசா. அதுல பிரச்சினை இல்ல. புருஷனுக்கு மூணு வழி இருக்கு," என்று இல்ஹாம் ஆரம்பித்தார். "ஒண்ணு, விசிட் விசா. போய்ப் பாத்துட்டு வரலாம். வேலை செய்ய ஏலாது."

"பாத்துட்டு வர அவ என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கா?"

"சரி. ரெண்டு, தம்பி தனியா ஒரு வேலை தேடிக்கிட்டு, தனி விசாவுல போறது. தம்பிக்கு என்ன வேலை தெரியும்?"

"கங்காணி."

"அதுல என்ன செய்வீங்க?"

"கத்துவாரு," என்றாள் கிருஷாந்தி.

இல்ஹாம் கணினியில் எதையோ தட்டினார். பிறகு அழித்தார்.

"அப்ப மூணாவதுதான். பொஞ்சாதியோட வேலையை வச்சுப் புருஷனுக்கு விசா. தங்கச்சிதான் மெயின். தம்பி டிபென்டன்ட்."

"டிபென்டன்ட்னா?"

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. பிரதாப்பின் காது சிவந்தது. மேசைமேல் இருந்த பிளேன்டீ ஆடியது. வாயைத் திறப்பதற்குள் கிருஷாந்தி அவன் காலை மிதித்தாள். மிதித்தபடியே, "கல்யாண சேட்டிபிகேட் இருக்கு நானா," என்றாள்.

"அது கல்யாணம் கட்டினதுக்குத்தான் சாட்சி தங்கச்சி. சேந்து வாழ்றீங்கன்னு தனியாக் காட்டணும். ரெண்டு பேர் பேர்லயும் பேங்க் எக்கவுண்ட் இருக்கா?"

"இல்ல."

"கரண்ட் பில்?"

"மாமா பேர்ல வருது. அவரு போய்ச் சேந்துட்டாரு."

"ரெண்டு பேருக்கும் வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதம்?"

"குயில்மலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, வட்டவளை. இதுதான் விலாசம்."

"வீட்டு நம்பர்?"

"நம்பர் எல்லாம் கிடையாது நானா. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீஸுக்கு வரும். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுறப்ப பேரைக் கூப்பிட்டுக் குடுப்பாங்க."

இல்ஹாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிப் பாத்தா, இந்த விலாசத்துல தம்பி கீழ்ப்பிரிவுப் பொம்பளைங்க எல்லாரோடயும்தான் சேந்து வாழ்றாரு."

இதற்குக் கோபப்பட்டிருந்தால் நியாயம். காடாகக் கிடந்த மலையைத் தேயிலையாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். தேயிலைப் பெட்டி விலாசம் ஒட்டிக்கொண்டு உலகமெல்லாம் போகிறது. அதைப் பறித்தவளின் வீட்டுக்கு ஓர் இலக்கம் போட இன்னும் யாருக்கும் கை வரவில்லை. நினைத்தால் வயிறு எரியும். ஆனால் பிரதாப்புக்கு அது எரியவில்லை. அவன் 'நம்பி வாழ்றவர்' என்ற இடத்திலேயே நின்று புகைந்துகொண்டிருந்தான்.

"ஒண்ணா எடுத்த போட்டோ?"

"கல்யாண ஆல்பம் மட்டும் இருக்கு. அதுக்கப்புறம் கேமராவைக் கண்டா இவரு ஓடிருவாரு."

"போன்ல பேசிக்கிட்டது? மெசேஜ்?"

"ஒத்தை ரூம் காம்பிராவுல ரெண்டு பேரும் இருக்கோம். எதுக்கு மெசேஜ்? லயத்துல சிக்னலும் இல்ல. மேல பாறைக்கு ஏறினாத்தான் கிடைக்கும்."

"ஏதாச்சும் கொண்டு வாங்க தங்கச்சி. நான் பொய்யா ஒண்ணும் செஞ்சு தரமாட்டேன். ஒண்ணுமே இல்லாட்டி தம்பியோட விசா தேறாது."

பஸ் நிலையத்தில் வடை பொடியானபோது பிரதாப்பின் மூளையில் அந்தக் கடைசி வாக்கியம்தான் ஓடியது. விசா தேறாது. அவனுக்குத் தேறாவிட்டால் அவள் போகமாட்டாள். அவளே சொன்னது. ஆக, சாட்சி எதுவும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்! 'போகாதே' என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. பழியும் நியூசிலாந்துக்காரன் தலையில்.

உள்ளே இருந்தது பயம். இங்கே அவன் குரலுக்கு ஒரு மலையே திரும்பிப் பார்க்கிறது. பாஷை தெரியாத ஊரில் அவன் யார்? கிருஷாந்தி மட்டும் போய்விட்டால், சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்து எந்தக் கதவைத் தட்டுவது? இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதைவிட அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்வான். அதனால் கோபமாகவே இருந்தான். கோபம் அவனுக்குப் பழகிய வேலை.

அன்றைக்கே காரியத்தில் இறங்கினான். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். பாஸ்போர்ட் கொடுத்தான். மெடிக்கலுக்குப் போய் நெஞ்சைக் காட்டினான். எப்படியும் தேறாது என்ற தைரியத்தில் நல்ல பிள்ளையாக நடந்தான். பிறகு கல்யாண ஆல்பத்தை ஓர் உரப்பையில் கட்டி, அடுத்த காம்பிரா நாகலெட்சுமி அக்காவிடம் கொண்டுபோனான்.

"அக்கா, இது உங்க வீட்டுப் பரண்ல இருக்கட்டும். கிருஷாவுக்குத் தெரியக் கூடாது."

"என்னா தம்பி இது?"

"ஒண்ணும் கேக்காதீங்க."

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்? என் வாயைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது," என்றாள் நாகலெட்சுமி.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பிராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்த வெளி. இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் "என்னா கறி?" என்று கேட்பார்கள். இதை அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த பிரதாப் மறந்துபோனான். அவன் பிறவிக் குரலில் 'ரகசியமாக'ச் சொன்னதை, சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கிருஷாந்தி முழுதாகக் கேட்டாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி வெங்காயத்தையும் அரிந்து முடித்தாள்.

அடுத்த சில நாட்கள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். "இப்படி நில்லுங்க, ஒரே ஒரு படம்." அவன் முகத்தைத் திருப்பினான். துண்டால் மூடினான். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அவர்களிடம் மாடே கிடையாது. கிடைத்த படங்களில் ஒரு முழங்கையும் ஒரு முதுகும் இருந்தன. "இந்த முதுகு யாருதாவும் இருக்கலாம் தங்கச்சி," என்று இல்ஹாம் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிரதாப்புக்கு உற்சாகம் பிடிபடவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனான். சேர்ந்து வாழ்ந்தால்தானே சேர்ந்து வாழ்வதற்குச் சாட்சி? பிரிந்தே இருந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

"இது குழம்பா? மழைத்தண்ணி இதைவிட ருசியா இருக்கும்!"

"நேத்து இதே குழம்பை மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க."

"நேத்து வேற நாக்கு! பிடிக்கலைன்னா உங்க அக்கா வீட்டுக்குப் போ!"

சண்டைக்கு அவள் சளைத்தவள் அல்ல. ஒரு வார்த்தைக்கு நாலு கொடுப்பாள். அன்றைக்கு மட்டும், "சரிங்க, போறேன்," என்றாள். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்தாள். பை ஏன் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது என்று யோசிக்கிற புத்தி அவனுக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"கொட்டகலைக்குப் போறேன். ஏதாச்சும் வேணும்னா மேல பாறையில ஏறி ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்க."

"நான்? உனக்கு? என் பொணம் போடும் வொய்ஸ்!"

பிணம் மறுநாள் காலையிலேயே பாறையேறியது.

பூட்ஸைக் காணோம். பெரட்டு முடிந்து பெண்கள் வேலைக்கு இறங்கிவிட்டார்கள். மழை வேறு. வெறுங்காலோடு தேயிலைக்குள் இறங்கினால் அட்டைக்கு விருந்து. காம்பிராவைத் தலைகீழாகப் புரட்டினான். இல்லை. நாகலெட்சுமியைக் கேட்டான்.

"எனக்கென்னா தெரியும் தம்பி? கிருஷாகிட்ட கேட்டுப் பாருங்க."

பாறைக்கு ஏறிப் போனில் கோல் எடுத்தான். அவள் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்திக் கத்தினான். "ஏய்! என் பூட்ஸை எங்கடி வச்ச?"

பதில் வந்தது: "எந்த பூட்ஸ்?"

அந்த இரண்டு வார்த்தை அவனை உச்சிக்கு ஏற்றிவிட்டது. "எந்த பூட்ஸா? எனக்கென்ன கடையா இருக்கு? போன தீபாவளிக்கு நீதானே ஹட்டன்ல வாங்கிக் குடுத்த? ஒரு சைஸ் பெருசுன்னு சொன்னேன், 'கம்பளிக் காலுறை போட்டா சரியாயிரும்'னு நீதானே சொன்ன? காலுறையும் காணோம்! கட்டின புருஷன் வெறுங்காலோட போறான், உனக்கு அங்க தூக்கம் வருதா?"

கீழே தேயிலை நிரையில் நின்ற பெண்கள் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிற நாடகத்தை யார் விடுவார்கள்?

அடுத்தடுத்து டோர்ச் காணாமல் போனது. தேயிலைத் தூள் டப்பா காணாமல் போனது. இடுப்பில் கட்டியிருந்ததைத் தவிர சாரங்கள் எல்லாம் காணாமல் போயின. ஒவ்வொன்றுக்கும் நாகலெட்சுமி, "எனக்கென்னா தெரியும் தம்பி?" என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவன் பாறை ஏறினான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள், "கங்காணியாரே, சாரம் கெடைச்சிச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். மேலே ஏறி ஏறி அவனுக்குத் தொடை இறுகியது. கோபமும் இறுகியது.

ஒரு வெள்ளிக்கிழமை, காணாமல் போகாத ஒன்றைக் கண்டுபிடித்தான். அலுமாரி மூலையில் அவளுடைய வயிற்றெரிவுக் குளிசை அட்டை அப்படியே கிடந்தது. அவன் பாறையேறிய வேகத்தைப் பார்த்து, துரை வருகிறார் என்று நினைத்துப் பெண்கள் வேகமாகப் பறித்தார்கள்.

"ஏய் கழுதை! குளிசையை இங்க விட்டுட்டு அங்க என்னத்தைத் திங்கிற? உங்க அக்கா மிளகாயை அள்ளிப் போடுவான்னு தெரியாதா? காலையில ரொட்டியில பாதியைத்தான் தின்னுவ. மீதியை என் தட்டுல தள்ளிட்டு வெறும் வயித்தோட பஸ் ஏறுவ. அங்க யாரு தட்டுல தள்ளுற? சாப்பிட்டியா இல்லியா, அதைச் சொல்லு! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீ சுருண்டு கிடந்தா நான் இங்கிருந்து என்னடி செய்வேன்? கொண்டாந்து குடுக்க நான் என்ன உன் வேலைக்காரனா?" மூச்சு வாங்கினான். "நாளைக்குக் கொண்டாறேன்!"

கொண்டுபோனான். கொட்டகலையில் மழை ஊற்றியது. மனைவியின் அக்கா ஜீவராணி வீட்டு வாசலிலேயே நின்று, குளிசையை நீட்டி, உள்ளே கால் வைக்காமல் கிருஷாந்தியைத் திட்டித் தீர்த்தான். ஒன்றைத் தன் கண்முன்னே விழுங்க வைத்தான். ஜீவராணி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். பாவம், சிக்னல் தேடுகிறாள் என்று நினைத்தான்.

கொஞ்ச நாளில் கிருஷாந்தி தானாகவே வீடு வந்து சேர்ந்தாள். பூட்ஸும் டோர்ச்சும் சாரங்களும் வந்து சேர்ந்தன. விசா பேச்சையே அவள் எடுக்கவில்லை. தோற்றுப்போனவளிடம் கத்துவது அழகல்ல என்று பிரதாப் பெருந்தன்மையாக இருந்தான். இரண்டு தரம் குழம்பைப் பாராட்டக்கூடச் செய்தான்.

பிறகு ஒரு நாள் இல்ஹாம் இருவரையும் வரச்சொன்னார். சோகத்தில் மனைவிக்கு ஆறுதல் சொல்லத் தயாராக, பிரதாப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

"தம்பி, விசா வந்திருச்சு."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"அது எப்படி வரும்? என்ன சாட்சியைக் காட்டினீங்க?"

இல்ஹாம் போனை மேசைமேல் வைத்து ஒரு விரலால் தட்டினார். "ஏய் கழுதை! குளிசையை இங்க விட்டுட்டு..." என்று பிரதாப்பின் குரல் மாடியை நிறைத்தது. போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். கட்டார் விசாவுக்கு வந்திருந்த ஒரு கூட்டம் எழுந்து நின்று கேட்டது. "சாப்பிட்டியா இல்லியா" என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கீழே சாப்பாட்டுக் கடைக்காரரும் சிரித்த சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் இங்கிலீஷுல மொழிபெயர்த்து அனுப்பினது. சொன்னபடியேதான். கழுதைன்னா கழுதை," என்றார் இல்ஹாம். "இந்தா, கூடப் போன போட்டோ." மழையில் நனைந்த ஒருவன் வாயை அகலத் திறந்து நின்றான். கையில் குளிசை. எதிரில் ஒருத்தி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"இது ஏமாத்து வேலை!" என்று பிரதாப் மேசையைக் குத்தினான்.

"இதுல எது பொய், சொல்லுங்க தம்பி. பூட்ஸ் உங்களுதுதானே?"

"ஆமா."

"குளிசை கொண்டு போனது?"

"நான்தான். ஆனா கோபத்துல கொண்டு போனேன்!"

"போட்டோவுக்குச் சிரிக்க யாராலயும் ஏலும் தம்பி. இப்படித் திட்டுறதுக்குக் கட்டின புருஷன்தான் வேணும்."

பிரதாப் படியிறங்கினான். கடைத்தெருவில் நின்று திரும்பினான். முகம் கொதித்தது.

"என் பூட்ஸ் எங்கடி இருந்துச்சு?"

"நாகலெட்சுமி அக்கா வீட்டுப் பரண்ல. நம்ம கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்துல." இப்போது அவள் முகமும் சிவந்திருந்தது. "தாலி கட்டின படத்தை உரப்பையில போட்டுக் கட்டினீங்களே, அதுக்கு நான் இன்னும் கத்தவே இல்ல. 'எனக்குப் பயமா இருக்கு கிருஷா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. இவ்வளவு பெரிய வாய்!"

அவன் தலையைக் குனிந்தான். பிறகு, பிறந்ததிலிருந்து முதல்தடவையாக, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

"அந்த ஊர்ல பாஷை தெரியாது. ஒரு மலை கிடையாது, நிரை கிடையாது. நான் யாரைப் பாத்துடி கத்துவேன்?"

"என்னைப் பாத்துக் கத்துங்க. அதுக்குத்தானே கூடவே வாறேன்."

அவளா கூட வருகிறாள்? டிபென்டன்ட் யார்? இருந்தாலும் அந்தச் சொல் இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவன் கோபத்தை மறுபடி கிளப்பியது. தன்னை வைத்து இத்தனை பேர் சிரித்துவிட்டார்கள்!

"இனிமே கத்தமாட்டேன். முடிஞ்சுது. ஒரு வார்த்தை உசத்திப் பேசினா என்னைக் கேளு!"

"ஐயோ, அப்படிச் சொல்லிராதீங்க," என்று கிருஷாந்தி பதறினாள். "இந்த விசா முடியிறப்ப, இன்னும் சேந்துதான் வாழ்றோம்னு திரும்பவும் காட்டணும்னு நானா சொன்னாரு."

பிரதாப் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் இருங்க." அவள் போனை எடுத்துப் பொத்தானை அழுத்தி அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ம், இப்பக் கத்துங்க."